மாடியில் சோலார், வீட்டில் இருட்டு: பேட்டரியும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் சேர்க்கும் முன் அறிய வேண்டியவை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களில் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. செல்போனுக்கு சார்ஜ் ஏற்றவும் மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்றவும் ஜெனரேட்டரைத் தேடி மக்கள் அலைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

அதன் பிறகு, நம் பகுதி வீடுகளின் மொட்டை மாடிகளில் சோலார் பேனல்கள் பெருகியுள்ளன. மின்கட்டணம் குறைந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வெயில் கொளுத்துகிறது, பேனலும் நன்றாக இருக்கிறது, கரண்ட் போனால் மட்டும் ஏன் வீட்டில் ஒரு ஃபேன்கூட ஓடுவதில்லை?"

ஏன் நின்றுவிடுகிறது?

மானியத்தில் பொருத்தப்படும் சோலார் பெரும்பாலும் ஆன்கிரிட் வகை. இதன் இன்வெர்ட்டர் மின்வாரிய லைனைப் பார்த்துத்தான் இயங்கும். லைனில் கரண்ட் நின்றால் சில நொடிகளுக்குள் அதுவும் நின்றுவிடும். இது பழுது அல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. அப்படி நிற்காவிட்டால் உங்கள் மாடியில் உற்பத்தியாகும் மின்சாரம் தெருக் கம்பிக்குப் பாய்ந்து, கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ஹைப்ரிட் இன்வெர்ட்டர் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. கரண்ட் இருக்கும்போது ஆன்கிரிட் போலவே வேலை செய்யும். கரண்ட் போனதும் தெரு லைனிலிருந்து வீட்டைத் துண்டித்துக்கொண்டு, பேனலையும் பேட்டரியையும் வைத்து வீட்டின் முக்கியமான லைன்களுக்கு மட்டும் மின்சாரம் தரும்.

முதலில் கணக்கு, பிறகு கடை

எத்தனை பேட்டரி வேண்டும் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்யக்கூடாது. ஒரு தாளை எடுத்து, இரவு 10 மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் எவையெல்லாம் கட்டாயம் ஓட வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு நடுத்தர வீட்டின் கணக்கு இப்படி வரும்:

30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மூன்று, 10 மணி நேரம்: 0.9 யூனிட்
9 வாட் எல்.இ.டி. பல்பு ஐந்து, 5 மணி நேரம்: சுமார் 0.2 யூனிட்
ஃபிரிட்ஜ்: சுமார் 0.5 யூனிட்
வைஃபை, செல்போன் சார்ஜ்: 0.1 யூனிட்

மொத்தம் 1.7 யூனிட். சஹருக்கு எழும் நேரத்தில் சமையலறை விளக்கும் மிக்ஸியும் கொஞ்ச நேரம் ஓடினாலும் 2 யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

இப்போது பேட்டரிக்கு வருவோம். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 51.2 வோல்ட், 100 ஏ.எச். லித்தியம் பாஸ்பேட் பேட்டரியில் 5.12 யூனிட் நிற்கும். முழுவதையும் காலி செய்யாமல் 90 சதவீதம் எடுத்து, இன்வெர்ட்டரில் இழப்பு 10 சதவீதம் போனால் கையில் வருவது சுமார் 4 யூனிட். மேலே சொன்ன வீட்டுக்கு இரண்டு இரவுகள் தாங்கும்.

பழைய இன்வெர்ட்டரில் இருக்கும் 12 வோல்ட், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியில் 1.8 யூனிட் நிற்கும். ஆனால் ஆயுள் கெடாமல் இருக்க அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். விலை குறைவு என்பது உண்மை. அதோடு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும், சில ஆண்டுகளில் மாற்றும் செலவும் சேர்ந்து வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே மூன்று ஃபேன்களும் பழைய 75 வாட் ஃபேன்களாக இருந்தால் 0.9 யூனிட்டுக்குப் பதில் 2.25 யூனிட் போகும். பெரிய பேட்டரி வாங்குவதைவிட ஃபேனை மாற்றுவது மலிவு.

வீட்டில் நோயாளி இருந்தால்

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் பயன்படுத்தும் பெரியவர் இருக்கும் வீடுகளில் கணக்கே வேறு. 5 லிட்டர் கருவி ஒன்று சுமார் 350 வாட் இழுக்கும். 8 மணி நேரத்துக்கு 2.8 யூனிட். மற்றவற்றோடு சேர்த்தால் 4.5 யூனிட். அதாவது ஒரு லித்தியம் பேட்டரி விடியும் முன்பே தீர்ந்துவிடும். இப்படிப்பட்ட வீட்டுக்கு இரண்டு பேட்டரி தேவை. அப்போதும் சிலிண்டர் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். மழைக்காலத்தில் வானம் இரண்டு மூன்று நாள் மூடியிருந்தால் பேனல் பேட்டரியை நிரப்பாது. உயிர் சார்ந்த விஷயத்தில் ஒரே கருவியை நம்பி இருக்கக்கூடாது.

பழைய பேனலோடு புதிய பேனல்

பழைய 330 வாட் பேனல் ஆறு இருக்கிறது, புதிதாக 540 வாட் பேனல் நான்கு சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். பழையது சுமார் 9 ஆம்பியர் தரும், புதியது சுமார் 13 ஆம்பியர். இரண்டையும் ஒரே வரிசையில் இணைத்தால் புதியதும் 9 ஆம்பியருக்கு இறங்கிவிடும். புதிய பேனலுக்குக் கொடுத்த பணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீண். ஆகவே இரண்டு எம்.பி.பி.டி. உள்ள ஹைப்ரிட் இன்வெர்ட்டராக வாங்கி, பழையதைத் தனி வரிசையாகவும் புதியதைத் தனி வரிசையாகவும் இணைக்கச் சொல்லுங்கள்.

வோல்டேஜையும் பாருங்கள். பழைய பேனல் ஆறும் வரிசையில் சேர்ந்தால் 270 வோல்ட்டைத் தாண்டும். சில இன்வெர்ட்டர்களின் உச்ச வரம்பு 145 வோல்ட்தான், வேறு சில 450, 500 வோல்ட் வரை தாங்கும். வரம்பு மீறினால் கருவி எரியும், வாரண்டியும் கிடைக்காது.

இப்போதுள்ள ஆன்கிரிட் இன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருந்தால், அதை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்றைச் சேர்க்கும் முறையும் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா என்று தயாரிப்பாளரிடமே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

வயரிங்கில் கவனிக்க வேண்டியவை

பேக்கப் லைனுக்குத் தனி டி.பி. பெட்டி வையுங்கள். ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜ், நோயாளியின் அறை ஆகியவை மட்டும் அதில் இருக்கட்டும். ஏ.சி., கீசர், தண்ணீர் மோட்டார் வேண்டாம். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 746 வாட்டுக்கு மேல் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். சிறிய இன்வெர்ட்டர் அதைத் தாங்காமல் நின்றுவிடும்.

பேக்கப் லைனின் நியூட்ரலும் தனியாக வர வேண்டும். பழைய வீடுகளில் நியூட்ரல் பொதுவாக இருப்பதால், இன்வெர்ட்டர் பொருத்திய பிறகு ஆர்.சி.சி.பி. அடிக்கடி ட்ரிப் ஆகும். எர்த், இடிதாங்கி, டி.சி. பக்கத்துக்கான பிரேக்கர் ஆகியவற்றில் சிக்கனம் கூடாது. பேட்டரியைப் படுக்கையறையிலோ வெயில் படும் இடத்திலோ மாடிப்படியின் வழியிலோ வைக்கக்கூடாது.

யாருக்கு இது தேவையில்லை?

கட்டணம் குறைந்தால் போதும், கரண்ட் அதிகம் போவதில்லை என்பவர்கள் பேட்டரிக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. நெட் மீட்டர் இருக்கும்போது பகலில் மிஞ்சுவது வாரியத்துக்குப் போய் உங்கள் கணக்கில் வரவாகிறது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதம் கூடிவிடுகிறது. அந்த வரம்புக்குள் நிற்க பேனல் சேர்த்தாலே போதும். 1 கிலோவாட் பேனல் நம் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும்.

மானியமும் பணமும்

2024-இல் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். இது பேனல் திறனுக்கானது. பேட்டரிக்குத் தனி மானியம் இல்லை. "பேட்டரிக்கும் மானியம் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது முன்பணம் கேட்டால் விலகிவிடுங்கள். திறனைக் கூட்டும் முன் மின்வாரியத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறுவதும் அவசியம்.

வட்டிக் கடன் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டியதில்லை. இந்த ஆண்டு ஃபேன்களை மாற்றி, பேக்கப் வயரிங்கைச் செய்துகொள்ளுங்கள். அடுத்து, பேட்டரி இல்லாமலும் இயங்கக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். கையில் பணம் சேர்ந்ததும் ஒரு பேட்டரி, தேவைப்பட்டால் அதே கம்பெனியின் அதே மாடலில் இன்னொன்று. இரண்டாவது பேட்டரியை நெடுநாள் தள்ளிப்போடாதீர்கள். பழையதும் புதியதும் வெகுவாக வேறுபட்டால் சேர்ந்து சரியாக இயங்காது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு மாடியில் வேலை செய்வது சிரமம். அதற்கு முன்பே அந்தத் தாளை எடுத்து, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கணக்கை எழுதுங்கள். அடுத்த புயலின் இரவில், இன்ஷா அல்லாஹ், உங்கள் வீட்டில் எரியும் ஒரு விளக்கு பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் பயன்படட்டும்.