காணாத ஏரிக்கு ஓர் அரைக்கிரவுண்

ஆங்கில இலக்கியம் கற்ற நம் மாணவரிடம் ஏரிகளின் நாடு எது என்று வினவினால், வேட்ஸ்வேத் பிறந்து வாழ்ந்த நாடு என உடனே விடையிறுப்பர். இங்கிலாந்தின் வடமேற்கிலே, மலைகளுக்கிடையே நீண்டு கிடக்கும் ஏரிகளும், கற்சுவர்கள் ஓடும் புற்றரைகளும், செம்மறிகள் மேயும் குன்றுகளுமாய் விளங்கும் அந்நிலத்தை வகுப்பறையிலே நாம் எத்தனையோ முறை வருணித்திருக்கிறோம். நேரிற் கண்டதில்லை. அதன் எழில் இன்றும் பெரும்பாலும் அழியாது நிற்பதற்குக் கவிதை மட்டும் காரணமன்று என்பதைப் பிற்காலத்திலேதான் அறிந்தோம்.

கவிஞரும் போராடிப் பார்த்தவரே. 1844 ஆம் ஆண்டில் விண்டர்மியர் ஏரிப்பக்கம் புகையிரதப் பாதை அமைக்க முயன்றபோது, அவர் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதி எதிர்த்தார். 1847 இல் புகையிரதம் வந்தே விட்டது. தொழிலாளர் கூட்டங் கூட்டமாக வந்திறங்கினால் அவர்களுக்கும் பயனில்லை, ஏரிக்கும் நன்மையில்லை என்பது அவருடைய வாதங்களுள் ஒன்று. எம் பெருமதிப்புக்குரிய கவிஞராயினும், இவ்விடத்தில் அவருடன் உடன்பட எம்மால் இயலவில்லை. ஏன் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

அடுத்த போராட்டம் தேள்மியர் ஏரியைப் பற்றியது. மான்செஸ்ரர் நகரத்தின் ஆலைகளும் மக்களும் பெருகவே, நகரசபை அவ்வேரியை அணைகட்டி நீர்த்தேக்கமாக்கத் திட்டமிட்டது. நகரத்தாரைக் குறைகூறுதல் எளிது. ஆயினும் குடிநீருக்காகக் கிணற்றடியிலே காத்து நிற்பது என்னவென்று யாழ்ப்பாணத்தவராகிய நாம் அறிவோம். 1877 இல் எதிர்ப்பாளர் சங்கமொன்று கூட்டினர். காலம் கடந்திருந்தது. 1879 இல் பாராளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. நீர்மட்டம் 50 அடியளவு உயர, கரையிலிருந்த குடியிருப்புகள் மூழ்கின. 1894 இல் அந்நீர், எந்திரம் எதுவுமின்றி நிலத்தின் சரிவினாலேயே 96 மைல் ஓடி மான்செஸ்ரரை அடைந்தது.

இத்தோல்வியிலிருந்து பாடங் கற்றவர்களுள் றோன்ஸ்லி என்னும் பாதிரியார் ஒருவர். ஆபத்து வந்தபின் ஆட்சேர்ப்பதிற் பயனில்லை என உணர்ந்து, 1883 இல் ஏரிநாட்டுப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். பட்டர்மியர் பக்கத்துக் கற்சுரங்கங்களுக்குப் பாதை போடவிருந்த புகையிரதத் திட்டம் அவ்வாண்டே கைவிடப்பட்டது. எனினும் மனுக் கொடுப்பவர் எத்தனை முறைதான் வெல்வர்? நிலம் பிறன் கையில் இருக்கும்வரை அச்சம் தீராது. ஆகவே 1895 இல் றோன்ஸ்லியும், வறியோர்க்கு வீட்டு வசதி தேடிய ஒக்டேவியா ஹில் அம்மையாரும், றொபேட் ஹன்ரர் என்னும் சட்ட அறிஞரும் சேர்ந்து தேசிய நம்பிக்கை நிதியத்தை அமைத்தனர். பொதுமக்கள் சார்பில் நிலத்தை வாங்கி, என்றென்றும் வைத்துக் காப்பதே அதன் நோக்கம்.

1902 இல் டேர்வென்ற் ஏரியின் மேற்குக் கரையிலே, பிராண்டல்ஹோ என்னும் 108 ஏக்கர்ச் சோலை விலைக்கு வந்தது. 6,500 பவுண் வேண்டியிருந்தது. பொதுமக்களிடம் கேட்டனர், சில மாதங்களிற் பணம் சேர்ந்தது. வந்த நன்கொடைகளுள் ஒன்றை ஒக்டேவியா ஹில் அம்மையார் மறக்கவில்லை. ஷெவீல்ட் நகரத்து ஆலைத் தொழிலாளி ஒருவர் இரண்டரைச் சிலின் அனுப்பியிருந்தார். தாம் வாழ்நாள் முழுவதும் ஏரிகளைக் காண ஏங்கியதாகவும், இனிக் காணப் போவதில்லை என்றும், பிறருக்காக அவற்றைக் காப்பதில் ஒரு கை கொடுக்க விரும்புவதாகவும் அவர் எழுதியிருந்தார். கவிஞர் யாரை வரவேண்டாம் என்றாரோ, அவ்வினத்தவர் ஒருவர் விடுத்த விடை இது. வேறு விடை வேண்டுவதில்லை.

இதனை வகுப்பிற் சொன்னபோது, பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "அவருக்கு அதில் என்ன லாபம், சேர்?" என்றான். மணியடித்துவிட்டது. நாம் இன்னமும் அவனுக்கு விடை கூறவில்லை.

பீற்றர் முயலின் கதையை எழுதிய பியற்றிஸ் பொற்றர் அம்மையாரைச் சிறுவர் அறிவர். நூல்களால் வந்த பணத்தைக் கொண்டு பண்ணை பண்ணையாக வாங்கி, 1943 இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அந்நிதியத்துக்கே விட்டுச் சென்றார். தம் மலைப்பண்ணைகளில் ஹேட்விக் என்னும் உள்ளூர்ச் செம்மறியினமே தொடர்ந்து மேயவேண்டும் என்றும் விரும்பினார். கூர்ந்த மதி! மேய்ப்பன் போய்விட்டால் கற்சுவர் சரியும், புற்றரை புதராகும். அங்கே எழில் எனப்படுவதிற் பாதி உழைப்பாளியின் கைவேலையே.

நிலம் முழுவதையும் வாங்கிவிட எவராலும் இயலாது. வாங்காத நிலத்துக்குக் காவல் யார்? இதற்காகவே 1934 இல் ஏரிநாட்டு நண்பர் கழகம் தோன்றியது. ஆண்டுச் சந்தா செலுத்தும் எவரும் அங்கத்தவராகலாம். அந்நாட்டில் வாழவேண்டும் என்பதில்லை. முன்னின்று உழைத்தவருள் சைமண்ட்ஸ் பாதிரியார் ஒருவர். அவர் லிவர்பூலில் ஒரு பாடசாலையின் தலைமையாசிரியராக இருந்தவர் என்பதை, உபாத்தியாயராகிய நாம் சற்றுப் பெருமையோடு குறிக்கின்றோம். அரசாங்க வனத்துறையினர் குன்றுகளை ஊசியிலை மரங்களால் வரிசை வரிசையாக மூடத் தொடங்கியபோது, கழகம் வாதாடியது. 1936 இல் நடுப்பகுதி 300 சதுரமைல் அளவிலே நடுவதில்லை என உடன்பாடாயிற்று. 1951 இல் ஏரிநாடு தேசியப் பூங்காவாயிற்று.

பின்னர் மான்செஸ்ரர் மீண்டும் வந்தது, இம்முறை அல்ஸ்வோட்டர் ஏரியை நாடி. ஆனால் இப்போது காவலர் முன்னரே விழித்திருந்தனர். 1962 பெப்ரவரி 8 ஆந் திகதி பிரபுக்கள் சபையிலே, அம்மலைநாட்டுப் பக்கத்திற் பிறந்த பேர்க்கெற் பிரபு எழுந்து பேசினார். 36 வாக்குக்கு எதிராக 70 வாக்குகளால் ஏரி தப்பியது. இரண்டு நாள் கழித்து அவர் காலமானார். அருகிலுள்ள குன்றொன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நகரத்தின் தாகம் அதனால் தீர்ந்துவிடவில்லை. பின்னர் ஓர் இணக்கம் ஏற்பட்டு, அவ்வேரியிலிருந்தும் நீர் எடுக்கத்தான் செய்கின்றனர். ஆனால் அணை கட்டவில்லை. நீர் இறைக்கும் நிலையத்தை நிலத்தின் கீழே மறைத்து அமைத்தனர். கரையில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.