ஓய்வுக் காலத்தில் பாட்டரியைப் பேணுதல்

பருவத்திற்குப் பருவம் மட்டுமே ஓடும் எந்திரங்களில், உழைப்பினால் தேயும் பாட்டரிகளைக் காட்டிலும் ஓய்வினால் கெடும் பாட்டரிகளே மிகுதி என்பது நமது கருத்து. உழவர் அங்கத்தினர்களின் சிறு டிராக்டர், தொழிற்சாலை வளாகங்களில் ஆள் அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி, மீனவரின் விசைப்படகு ஆகிய யாவற்றுக்கும் இது பொருந்தும்.

காசிமேட்டை எடுத்துக்கொள்வோம். இராயபுரத்தை அடுத்த அம் மீன்பிடித் துறைமுகத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ஆம் நாள் விசைப்படகுகள் கட்டப்படுகின்றன. ஜூன் 14-ஆம் நாள் முடிய அவை கடலுக்குச் செல்வதில்லை. முன்னர் 45 நாட்களாயிருந்த தடைக்காலம் 2017 முதல் 61 நாட்களாயிற்று. ஆண்டின் கடும் வெயிலும் அக்கினி நட்சத்திரமும் இந்த இரண்டு மாதங்களுக்குள்ளேயே அடங்குகின்றன. ஏப்ரலில் நன்றாயிருந்த பாட்டரி, ஜூனில் செல்ஃப் மோட்டாரைச் சுழற்ற மறுத்தால், முதல் நாள் மீன்பாடு கைவிட்டுப் போகிறது. அறுவடைக்குப்பின் கொட்டகையில் நிறுத்திய டிராக்டர் முதல் மழைக்கு உழவெடுக்க மறுப்பதும் இவ்வாறே.

காரணம் எளியது. 12 வோல்ட் பாட்டரி என்பது ஏறக்குறைய 2 வோல்ட் கொண்ட ஆறு கலங்களின் தொகுதி. காரீயத் தகடுகளும் நீர்த்த கந்தகாமிலமும் கொண்ட இவ்வமைப்பைப் பிரெஞ்சு அறிஞர் பிளாண்டே 1859-இல் கண்டார். அடிப்படை இன்றும் அதுவே. ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தாலும் கலத்தினுள் வேதி வினை மெல்ல நடந்து மின்னேற்றம் குறைகிறது. வெப்பம் 10 பாகை உயரும்தோறும் இக்குறைவு ஏறக்குறைய இருமடங்காகிறது. மின்னேற்றம் குறைந்த தகட்டின்மீது படியும் காரீய சல்பேட்டு, வாரங்கள் செல்லச் செல்லக் கெட்டிப்பட்டு, பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் முழுதும் கரைவதில்லை. பாட்டரி செத்துவிட்டது என்று மெக்கானிக் கூறுவது பெரும்பாலும் இந்நிலையையே.

புல்வெட்டிகளுடன் வரும் அயல்நாட்டுக் கையேடுகளில், குளிர்காலத்திற்காகப் பாட்டரியைக் கழற்றி வைக்கும் முறை விரிவாகக் காணப்படும். அந்நாடுகளில் எந்திரம் ஓயும் காலம் பனிக்காலம்; குளிர் மின்கசிவைத் தணிக்கிறது. நமக்கோ ஓய்வு கோடையில் வருகிறது. ஆகவே ஆறு மாதம் தொடாமல் வைக்கலாம் என்பது போன்ற சொற்களை எண்ணூர்க் கடற்கரையில் அப்படியே நம்பலாகாது.

எந்திரத்தை நிறுத்தும் அன்றே பாட்டரியை முழுதும் மின்னேற்றி, எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிடில், படகிலுள்ள திசைகாட்டும் கருவியோ டிராக்டரின் கடிகாரமோ சொட்டுச் சொட்டாக மின்னை உறிஞ்சும். பிறகு மாதம் ஒருமுறை வோல்ட்மீட்டர் வைத்துப் பார்க்கலாம். சில மணி நேரம் ஓய்ந்த பாட்டரி 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் நிறைவு, 12.4-க்கு இறங்கினால் உடனே மின்னேற்ற வேண்டும், 12.2 என்பது ஏறத்தாழப் பாதி. வாரத்திற்கு ஒரு தடவை எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அச்சிறு பொழுதில் ஏறுவது மிகச் சொற்பம். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில், அதாவது 30 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 3 ஆம்பியரில், நிதானமாக மின்னேற்றுவதே நன்று.

இனி நீரைப் பற்றி. மூடி திறக்கும் பாட்டரிகளில் நீர் ஆவியாகிக் குறையும், அமிலம் குறைவதில்லை. எனவே ஊற்ற வேண்டியது வாலையில் வடித்த நீரே; அமிலத்தை ஒருபோதும் ஊற்றலாகாது. வட சென்னையில் இதனை மேலும் வற்புறுத்திக் கூற வேண்டியிருக்கிறது. மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது 1960-களின் பிற்பகுதியிலேயே அறியப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கப்பட்டது. இத்தகைய நிலத்தின் கிணற்று நீரிலுள்ள குளோரைடு தகட்டின் சட்டத்தை அரிக்கும். இரும்புச்சத்து மின்கசிவைப் பெருக்கும். வீட்டுச் சுத்திகரிப்புக் கருவியின் நீர் குடிக்க ஏற்றதேயாயினும் அதிலும் உப்பு எஞ்சியிருக்கிறது. மழைநீர் தூயதல்லவோ என்று கேட்கலாம். அனல்மின் நிலையச் சாம்பல் படியும் கூரையிலிருந்து வழிவது தூயதாகாது. பாட்டரி நீருக்கென்றே ஐ.எஸ். 1069 என்னும் இந்தியத் தர அளவை உண்டு. அக்குறியுள்ள புட்டியை வாங்குக. தகடு மூழ்கியிருக்குமாயின் மின்னேற்றிய பிறகு நீர் விடுவதே முறை. முன்னதாக நிறைய விட்டால் அமிலம் பொங்கி வழியும்.

புதிதாகத் தேர்ந்தெடுப்போர் எந்திரத்தின் கையேட்டிலுள்ள ஆம்பியர்-மணியையும் தட்டின் அளவையும் முதலில் பார்க்க வேண்டும். பெட்ரோல் புல்வெட்டிக்கு 20 முதல் 35 வரை பெரும்பாலும் போதும். டிராக்டருக்கு அதனினும் மிகுதி வேண்டும். நேர்முனை வலமா இடமா என்பதைக் கவனியாமல் வாங்கிவந்து, கம்பி எட்டாமல் இழுத்துக் கட்டுவோர் உண்டு. அது தீவிபத்துக்கு வழி. தயாரிப்பு மாதத்தையும் காண்க. கடையில் ஓராண்டு கிடந்த பாட்டரி, மேலே சொன்ன ஓய்வு நோயை அங்கேயே பெற்றிருக்கக்கூடும். லித்தியம் பாட்டரி வாங்குவோர்க்கு ஒரு சொல்: காரீயப் பாட்டரியை நிறை மின்னேற்றத்தில் வைக்க வேண்டும், லித்தியத்தை நெடுநாள் வைப்பதற்கு ஏறத்தாழப் பாதி மின்னேற்றமே ஏற்றது. அதற்குரிய சார்ஜரும் வேறு.

நெசவாளர் இல்லங்களில் விளக்குக்கும் விசிறிக்கும் இன்வெர்ட்டர் வைத்திருப்போர் பலர். இதற்கு மெல்ல மெல்ல நெடுநேரம் மின் தரும் குழாய்த்தகட்டு வகை வேண்டும். எஞ்சினைக் கிளப்பும் பாட்டரி ஒரு நொடியில் பெரும் மின்னோட்டம் தருவதற்கென மெல்லிய தகடுகள் கொண்டது. அதை இன்வெர்ட்டரில் மாட்டினால் சில மாதங்களிலேயே ஓய்ந்துவிடும். மலிவு என்று கருதி இதைச் செய்வதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். சாயமிடும் கொட்டகையின் உப்பு நீரும் ஆவியும் எட்டாத, காற்றோட்டமுள்ள இடத்தில் இன்வெர்ட்டரை வைக்க வேண்டும். மின்னேறும்போது எழும் ஹைட்ரஜன் வாயு காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பொறிக்கு வெடிக்கும். அருகே பீடி, அகல் விளக்கு கூடாது.

கடற்காற்றினால் முனைகளில் பூக்கும் பச்சை வெள்ளைப் படிவை ஆப்பச்சோடா கரைத்த நீரால், மூடிகளை இறுக்கியபின் கழுவித் துடைத்து, வாசலைன் தடவுக. கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது நேர்முனை முதலில். சேமிக்கும் இடம் உயரமானதாக இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர்க் கழிமுகப் பகுதி வீடுகளுக்குள்ளும் புகுந்ததை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். தரையில் கிடந்தவையெல்லாம் அன்று அந்நீரில் மூழ்கின.

ஒவ்வொருவரும் சார்ஜரும் ஹைட்ரோமீட்டரும் வாங்குவது வீண். சங்கத்திற்கு ஒரு தொகுதி இருந்து, ஒவ்வோர் எந்திரத்தின் வோல்ட் அளவும் நீர் விட்ட தேதியும் ஒரு பதிவேட்டில் எழுதப்படுமாயின், எந்தப் பாட்டரி தளர்கிறது என்பது உழவு தொடங்குமுன்பே தெரிந்துவிடும்.

பழைய பாட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயம். அதனால்தான் தெருவில் விலை கேட்டு வருகிறார்கள். உடைத்து அமிலத்தை மண்ணில் கொட்டி, திறந்த அடுப்பில் உருக்கும் இடங்களில் அப்புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கின்றன. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளரைச் சாரும். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதற்குரிய தொகையைப் பட்டியலில் கழிக்கச் செய்து, ரசீதைச் சங்கக் கோப்பில் சேர்க்க வேண்டும்.