இறைவை எஞ்சினால் ஓடிய மோட்டார் சைக்கிள்

நீர் இறைக்கவும் மின்னாக்கியைச் சுழற்றவும் அமைந்த சிறு டீசல் எஞ்சின், சீரான வேகத்தில் நெடுநேரம் உழைக்க வல்லது. எரிபொருட் செலவைக் குறைக்கும் பொருட்டு, வட இந்தியப் பட்டறையினர் அதனைப் பழைய புல்லட் வண்டிகளில் பொருத்தி ஓட்டினர். 1990களில் சென்னை ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் ‘டாரஸ்’ என்னும் டீசல் வண்டியை விற்றது.

அதன் 325 கன சென்டிமீட்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 3,600 சுழற்சியில் 6.5 குதிரைத் திறன் தந்தது. 350 கன சென்டிமீட்டர் பெட்ரோல் புல்லட்டின் திறனோ 18. இக்குறைந்த திறனைக் கொண்டு வண்டியை இயக்குவது எவ்வாறு?

சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் எனக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 500 முறை சுழலும். ஆகவே எஞ்சின் 7.2 முறை சுழலச் சக்கரம் ஒரு முறை சுழலுமாறு பற்சக்கரங்களை அமைத்தல் வேண்டும். மேடேறுவதற்கு இவ்விகிதம் இன்னும் உயர வேண்டும். பற்சக்கரங்கள் திறனைப் பெருக்குவதில்லை. வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையையே பெருக்குகின்றன. எனவே டீசல் வண்டி மேட்டை மெல்லவே ஏறியது.

சிக்கனம் பயன் தந்தது. புகையும் அதிர்வும் குறைகளாக நின்றன. மாசு வரம்புகள் கடுமையாகவே, 2000-ஆம் ஆண்டையொட்டி உற்பத்தி நின்றது. மிதிவண்டியின் இரு பற்சக்கரங்களிலும் உள்ள பற்களை எண்ணி, மாணவர் இவ்விகிதக் கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம்.