கைமடியா சேரலாமா, காலேஜ்ல சேரலாமா?

'அபூர்வ ராகங்கள்' பார்த்திருக்கீங்களா? 1975-ல வந்த படம். அதுல ஒரு டாக்டர் வருவார். ஊருக்குத் தெரியாம குடிப்பார். சேர்ந்து குடிக்க ஆள் இல்லாததால, சுவத்துல விழற தன் நிழலோடவே கிளாஸை முட்டிக்குவார். அந்த டாக்டர் நம்ம தாராபுரத்துல பிறந்த நாகேஷ். அதே படத்துல கேட்டைத் தள்ளித் திறந்துக்கிட்டு, தாடியோட ஒருத்தர் உள்ளே வருவார். அவர் ரஜினிகாந்த். அவருக்கு அதுதான் முதல் படம்.

இந்த ரெண்டு பேரும் கேமரா முன்னாடி வந்து நின்ன வழி வேற வேற. நாகேஷ் ரயில்வே ஆபீஸ்ல கிளார்க்கா இருந்துக்கிட்டே நாடகத்துல நடிச்சு, மேடையிலேயே தொழில் கத்துக்கிட்டவர். ரஜினி கண்டக்டர் வேலையை விட்டுட்டு, சென்னையில பிலிம் சேம்பர் நடத்தின நடிப்புப் பள்ளியில சேர்ந்து படிச்சவர். அங்கே நடிப்பு சொல்லிக்கொடுத்தவர் கோபாலி. பாலசந்தர் அந்தப் பள்ளிக்கு வந்தப்போதான் ரஜினி அவர் கண்ணுல பட்டார். தமிழ் கத்துக்கச் சொல்லிட்டுப் போனார். மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

'சினிமாவைப் படிச்சுக் கத்துக்க முடியுமா?'னு ஹாஸ்டல் ரூம்ல ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒரு சண்டை நடக்குமே, அதுக்கு நாகேஷ் கட்சி, ரஜினி கட்சினு பேர் வெச்சுக்கலாம். ரெண்டுமே ஜெயிச்ச கட்சிங்கிறதுதான் சிக்கல்!

நம்ம பக்கம் இதைப் புரிய வைக்க ரொம்பப் பேச வேண்டியதில்லை. பனியன் கம்பெனியில கைமடியா சேர்றவங்க டெய்லர் பக்கத்துலயே நின்னு, துணியை எடுத்துக் கொடுத்து, மடிச்சு, பிசிறு வெட்டி, மதிய சாப்பாட்டு நேரத்துல மிஷின்ல உட்கார்ந்து பழகி, ஒருநாள் ஓவர்லாக் டெய்லர் ஆகிடுவாங்க. கோடம்பாக்கத்துலயும் காலங்காலமா இதே கதைதான். அசிஸ்டென்ட் டைரக்டர்னா கைமடி. கிளாப் அடிச்சு, டயலாக் பேப்பரைப் பிடிச்சு, டைரக்டர் திட்டு வாங்கி, பத்து வருஷத்துல ஒரு படம்.

இதுல தொழில் நல்லாவே பழகும். ஆனா ரெண்டு குறை இருக்கு. முதல் குறை, கைமடியா சேரவே யாரையாவது தெரிஞ்சிருக்கணும். பொள்ளாச்சியிலயும் கோபியிலயும் ஷூட்டிங் நடந்தா கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு வேடிக்கை பார்த்த நம்மள்ல எத்தனை பேருக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியும்? பொண்ணுங்களுக்குக் கேட்கவே வேண்டாம். ரெண்டாவது, அங்கே தப்பு செய்ய இடம் கிடையாது. ஒரு மணி நேர ஷூட்டிங்குக்கு ஆகுற செலவுல யாரும் உங்களைக் கேமரா முன்னாடி நிறுத்தி 'தப்பா வெச்சுப் பாரு, என்ன ஆகுதுன்னு தெரியும்'னு சொல்ல மாட்டாங்க. அதைச் சொல்றதுக்குனே சம்பளம் வாங்குறவர் ஒருத்தர் இருக்கார். அவருக்குப் பேர் வாத்தியார்.

பாலிடெக்னிக்ல பிறந்த சினிமா

ஒரு விஷயம் தெரியுமா? புனே பிலிம் இன்ஸ்டிடியூட் தொடங்கினது 1960-ல, பழைய பிரபாத் ஸ்டுடியோ இருந்த இடத்துல. அதுக்குப் பதினஞ்சு வருஷம் முன்னாடியே, 1945-ல, சென்னையில சினிமா படிப்பு வந்தாச்சு. அதுவும் எங்கே? சென்ட்ரல் பாலிடெக்னிக்ல! ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் அங்கே கைத்தொழில் படிப்பாதான் ஆரம்பிச்சுது. அதுதான் பின்னால தனி நிறுவனமாகி, இன்னிக்குத் தரமணியில எம்.ஜி.ஆர். பேர்ல இருக்கிற அரசு திரைப்படக் கல்லூரி. 'அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட்'னு பழைய ஆளுங்க சொல்றதும் இதைத்தான்.

சினிமாவை முதல்ல கைவேலையா பார்த்திருக்காங்க பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். கலையெல்லாம் அப்புறம். முதல்ல லென்ஸை ஒழுங்கா துடைக்கக் கத்துக்கோ!

இந்தக் கல்லூரியில படிச்சவர்தான் பி.சி.ஸ்ரீராம். நாசரும் அங்கே படிச்சவர்தான். ஆனா 'இன்ஸ்டிடியூட் பசங்க'ங்கிற பேரை டீக்கடை வரைக்கும் கொண்டுபோன படம் 1986-ல வந்த 'ஊமை விழிகள்'. ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்க, ஒளிப்பதிவு ரமேஷ்குமார்னு மொத்தக் கூட்டமும் அங்கிருந்து வந்த பசங்க. விஜயகாந்த் நம்பி நடிச்சார். சினிமாஸ்கோப்புல, பயமுறுத்துற சத்தத்தோட வந்த அந்தப் படம் பெரிய ஹிட். ஒரே பெஞ்ச்ல உட்கார்ந்து படிச்சவங்க ஒரே யூனிட்டா வெளியே வந்தாங்கிறதுதான் இதுல கவனிக்க வேண்டியது. கைமடியா போனா தனியா போவீங்க. காலேஜுக்குப் போனா உங்க கேமராமேன் பக்கத்து பெஞ்ச்லயே இருப்பான்.

சரி, வாத்தியார் அப்படி என்னதான் சொல்லிக்கொடுப்பார்?

டீக்கடை பெஞ்ச்ல ரெண்டு பேர் எதிரெதிரா உட்கார்ந்து பேசுறாங்கனு வைங்க. அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருக்கு. கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்துல இருக்கிற வரைக்கும் ஒருத்தர் இடப்பக்கம் பார்ப்பார், இன்னொருத்தர் வலப்பக்கம் பார்ப்பார். கோட்டைத் தாண்டிப் போய் ஒரு ஷாட் எடுத்து ஒட்டிப் பாருங்க. ரெண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுற மாதிரி இருக்கும். 'யார்கூடடா பேசுறான்?'னு பார்க்கிறவன் ஒரு நொடி முழிப்பான். இதைப் புத்தகத்துல படிச்சா மறந்துடும். எடுத்து, ஒட்டி, பத்து பேர் முன்னாடி போட்டுக் காட்டி, அவங்க சிரிச்சா ஜென்மத்துக்கும் மறக்காது.

இன்னொண்ணு சத்தம். தையல் யூனிட்ல ஒரு பேட்டி எடுக்கிறீங்க. முதல் கேள்விக்குப் பதில் சொல்றப்போ பின்னாடி இருபது மிஷின் ஓடுது. ரெண்டாவது கேள்விக்கு டீ பிரேக் விட்டுட்டாங்க. ரெண்டையும் ஒட்டினா ஒரு குழியில விழுந்த மாதிரி சத்தம் தடுக்கி விழும். அதனாலதான் நல்ல ஒலிப்பதிவு வாத்தியார், யாரும் பேசாம அந்த இடத்தோட சத்தத்தை மட்டும் முப்பது செகண்ட் தனியா பதிவு பண்ணிக்கச் சொல்வார். அந்த முப்பது செகண்ட் யூனிட்டே அசையாம நிக்கணும். நம்ம பசங்களுக்கு இதைவிடக் கஷ்டமான பரீட்சை கிடையாது!

படம் பார்க்கக் கத்துக்கொடுத்தவர்

எல்லா வாத்தியாரும் கேமராவைத் தொட்டவங்களா இருக்கணும்னும் இல்லை. புனேயில சதீஷ் பகதூர்னு ஒருத்தர் இருந்தார். ஆக்ராவுல பொருளாதாரம் நடத்திக்கிட்டு, சாயங்காலத்துல பிலிம் சொசைட்டி நடத்தினவர். அவரைக் கூட்டிட்டு வந்து படம் பார்க்கக் கத்துக்கொடுக்கச் சொன்னாங்க. சத்யஜித் ராயோட 'பதேர் பாஞ்சாலி'யை ஷாட் ஷாட்டா பிரிச்சுக் காட்டியே நாடு முழுக்க ஒரு தலைமுறைக்குப் பார்வையைக் கொடுத்தவர்.

அதே புனேயில அறுபதுகளோட நடுவுல கொஞ்ச காலம் வாத்தியாரா இருந்தார் ரித்விக் கட்டக். மணி கவுல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம்னு அவர்கிட்ட படிச்சவங்க பேரைப் பார்த்தாலே அவர் எப்படிப்பட்ட வாத்தியார்னு தெரியும். இதுல ஜான் ஆபிரகாம் எல்.ஐ.சி. வேலையை விட்டுட்டுப் படிக்க வந்த மலையாளி. அவர்தான் 1977-ல தமிழ்ல 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தார். ஹீரோ ஒரு காலேஜ் வாத்தியார். நடிச்சவர் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன்.

புனேயில ஒளிப்பதிவு படிச்ச இன்னொருத்தர் பாலுமகேந்திரா. மட்டக்களப்புல பிறந்தவர். அவர்கிட்ட உதவியாளரா இருந்தவங்க பாலா, ராம், சீனு ராமசாமி, வெற்றிமாறன். கடைசி வருஷங்கள்ல சாலிகிராமத்துல 'சினிமா பட்டறை'னு ஒரு பள்ளியே நடத்தினார். 2014 பிப்ரவரியில இறக்கிற வரைக்கும் வாத்தியாராதான் இருந்தார். அவர்கிட்ட வெற்றிமாறன் போனது 'கதை நேரம்' தொடர் நடந்த காலத்துல. அங்கே அவருக்குக் கிடைச்ச முதல் வேலை கேமரா இல்லை. சிறுகதைகளைப் படிச்சுச் சுருக்கம் எழுதறது! 'பட்டறை'ங்கிற பேரைக் கவனிங்க. கொல்லன் இருக்கிற இடம். கைமடி வழியும் காலேஜ் வழியும் ஒண்ணா சேர்ற இடம் அதுதான்னு நான் நினைக்கிறேன்.

அந்த வெற்றிமாறன், லயோலா பேராசிரியரா இருந்த ராஜநாயகத்தோட சேர்ந்து 2021-ல பன்னாட்டுத் திரை - பண்பாட்டு ஆய்வகம் தொடங்கினார். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைங்களுக்கு இலவசமா சினிமா சொல்லிக்கொடுக்கணும்ங்கிறது நோக்கம்.

வாத்தியாருக்கும் டிகிரி வேணுமாம்!

ஏன் இந்த இலவசப் பேச்சு? ஏன்னா தனியார்ல சினிமா படிப்பு விலை அதிகம். ஒரு வீட்டோட தீபாவளி போனஸ் எல்லாத்தையும் சேர்த்தாலும் ஒரு செமஸ்டர் தாண்டாது. இங்கேதான் சமுதாயக் கல்லூரிங்கிற யோசனை வருது. அமெரிக்காவுல 1901-லயே ஜோலியட்ங்கிற ஊர்ல ஆரம்பிச்சது. குறைஞ்ச பீஸ், பக்கத்து ஊர், ரெண்டு வருஷம். ஸ்டார் வார்ஸ் எடுத்த ஜார்ஜ் லூகாஸ் முதல்ல போனது அவர் ஊர் மொடெஸ்டோவுல இருந்த அப்படி ஒரு கல்லூரிக்குத்தான். டாம் ஹாங்க்ஸ் சேபட் கல்லூரியில படிச்சவர். அங்கே தனக்கு நாடகம் சொல்லிக்கொடுத்த ஹெர்ப் கென்னடியைப் பத்தி 2015-ல பேப்பர்ல நன்றியோட எழுதினார்.

நம்ம நாட்டுல 1995-ல புதுச்சேரியிலயும் 1996-ல சென்னையிலயும் சமுதாயக் கல்லூரி வந்துச்சு. அப்புறம் யு.ஜி.சி.யும் 12-வது ஐந்தாண்டுத் திட்ட காலத்துல இதுக்குனு ஒரு திட்டம் போட்டுச்சு. ஆனா டெய்லரிங், நர்சிங் உதவியாளர், கம்ப்யூட்டர்னு போன அளவுக்கு கேமரா போகலை. காரணம் கேமரா விலை இல்லை, இப்போ அது உங்க பாக்கெட்லயே இருக்கு. வாத்தியார்தான் இல்லை.

முப்பது படத்துக்கு எடிட்டிங் பண்ணினவர்கிட்ட எம்.ஏ., நெட், பிஎச்.டி. இருக்காது. அதெல்லாம் இருக்கிறவர் ஒரு படத்தையும் எடிட் பண்ணியிருக்க மாட்டார். கல்லூரி ரெண்டாமவரைத்தான் வேலைக்கு எடுக்க முடிஞ்சுது. 2022-ல யு.ஜி.சி. இதுல ஒரு ஜன்னலைத் திறந்துச்சு. தன் துறையில குறைஞ்சது 15 வருஷ அனுபவம் இருந்தா, பட்டம் இல்லாமலேயே 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' ஆகலாம். அனுமதிச்ச பணியிடங்கள்ல பத்து சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. சின்ன ஜன்னல்தான், இருந்தாலும் காத்து வரும்.

ஆகவே பாஸ், எங்கேயாவது பணம் கட்டுறதுக்கு முன்னாடி கட்டடத்தைப் பார்க்காதீங்க. பாடம் நடத்தப் போறவர் கடைசியா என்ன வேலை செஞ்சார்னு கேளுங்க. போன வருஷ பசங்க எடுத்த படத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. 'அது ஹார்ட் டிஸ்க்ல இருக்கு, அப்புறம் காட்றோம்'னா எழுந்து வந்துடுங்க. ஒரு கேமராவுக்கு எத்தனை பேர்னு கேளுங்க. ஒலிப்பதிவுக்குத் தனியா வாத்தியார் இருக்காரானு கேளுங்க. பாதி இடத்துல இந்தக் கேள்விக்கே முழிப்பாங்க. தரமணி அரசுக் கல்லூரியில நாலு வருஷப் பட்டப் படிப்பு இருக்கு. ஒளிப்பதிவு, ஒலி, இயக்கம், எடிட்டிங், அனிமேஷன்னு தனித்தனிப் பிரிவு. பிளஸ் டூ முடிக்கிற தம்பி, தங்கச்சி வீட்டுல இருந்தா அட்மிஷன் விளம்பரத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கச் சொல்லுங்க.

அதுவரைக்கும் உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். மூணு பேர், ஒரு செல்போன். விடிகாலையில தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வேலைக்குப் போறவங்களை ஏத்த ஒரு பஸ் வருது. வசனமே இல்லாம அஞ்சு ஷாட்ல அதைச் சொல்லணும். அந்தக் கோட்டைத் தாண்டாதீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி, பஸ் போன பிறகு அந்த இடத்துல இருக்கிற சத்தத்தை முப்பது செகண்ட் தனியா பதிவு பண்ணிட்டு வாங்க.