நீலச் சேர்ட் அணிந்தது யார்?

காணாமற்போன மகனைத் தேடும் தாய் ஒருவர், வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைசியாகக் கண்ட நாளில் மகன் நீலச் சேர்ட் அணிந்திருந்தான். அதை அவர் இப்படி எழுதுகிறார்: “வெயாரிங் எ புளூ சேர்ட், ஐ சோ மை சன்.”

ஒவ்வொரு சொல்லும் சரிதான். ஆனால் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வாசித்தால், நீலச் சேர்ட் அணிந்திருந்தவர் தாய் என்றே விளங்கும். மகனின் அடையாளம் கடிதத்திலிருந்து தவறிப்போகிறது.

ஏன் இப்படி? தமிழில் எழுவாயைச் சொல்லாமலே பேசலாம். “ஐந்து வயதாக இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார்” என்றால், ஐந்து வயது யாருக்கு என்பதைக் கேட்பவர் விளங்கிக்கொள்வார். ஆங்கிலத்தில் அப்படியல்ல. “வெயாரிங்” போன்ற சொல்லோடு தொடங்கும் தொடர், காற்புள்ளிக்குப் பின் வரும் எழுவாயோடுதான் சேரும். இங்கே அந்த எழுவாய் “ஐ”, அதாவது “நான்”.

திருத்துவது கடினமல்ல. முதல் தொடரைப் பார்த்து “யார்?” என்று கேளுங்கள். அதற்கான விடை காற்புள்ளிக்கு அடுத்து இல்லையென்றால் வாக்கியத்தை இரண்டாகப் பிரியுங்கள்: “ஐ சோ மை சன். ஹி வோஸ் வெயாரிங் எ புளூ சேர்ட்.” சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

“ஒன்லி” என்ற சொல்லிலும் கவனம் தேவை. “ஒன்லி ஐ சோ ஹிம்” என்றால், நான் மட்டுமே அவனைக் கண்டேன். கண்ட சாட்சி வேறு இல்லை. “ஐ சோ ஒன்லி ஹிம்” என்றால், அவனை மட்டுமே கண்டேன். அவனோடு வேறெவரையும் காணவில்லை. தமிழில் “மட்டும்” உரிய சொல்லுக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் “ஒன்லி”யை அதற்கு முன்னால் வையுங்கள். வாக்குமூலத்தில் இது பெரிய வேறுபாடு.

கடிதத்தை வேறொருவர் எழுதித் தந்தால், கையொப்பமிட முன்னர் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். யார் அணிந்தது, யார் கண்டது, எங்கே கண்டது என்று விசாரியுங்கள். பிழையிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அரச அலுவலகங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. 1987ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2016ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் தமிழிலேயே எழுதலாம்.

ஆங்கிலம் தேவைப்படும் இடத்தில் அதைப் பயமின்றி எழுதுங்கள். நீங்கள் கண்டதை, கண்டபடியே அந்தக் கடிதம் சொல்ல வேண்டும்.