பழைய வண்டிக்கு ஒரு காவல்

மணிமுத்தாறு அணையைப் பார்க்கப் போயிருக்கிறீர்களா? தாமிரபரணியின் துணையாறான மணிமுத்தாற்றின் குறுக்கே 1958-ல் எழுந்த அணை அது. அணைக்குக் கீழே வயல்களும் வாழைத் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. மேற்கே மாஞ்சோலைக்கு ஏறும் மலைப்பாதை. இந்தச் சாலைகளில் ஓடும் சிறிய சரக்கு வண்டிகளைச் சற்றுக் கவனியுங்கள். வாழைத்தார், நெல் மூட்டை, கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டு, சில வேளைகளில் கல்யாண வீட்டுப் பாத்திரங்கள் என்று எல்லாவற்றையும் சுமப்பவை அவை. 'லோடு வேன்' என்பார்கள், 'பிக்கப்' என்பார்கள், சிறிய ஒன்றைக் 'குட்டியானை' என்று செல்லமாக அழைப்பார்கள்.

இவற்றில் சில உங்களைவிட வயதில் மூத்தவை! பெயிண்ட் உரிந்திருக்கும், கதவு கிறீச்சிடும். 'இதை யார் திருடப் போகிறார்கள்?' என்று சொந்தக்காரரே சிரிப்பார். அங்கேதான் தவறு நேருகிறது. பழைய வண்டி திருடனுக்கு எளிய இரை. சொந்தக்காரருக்கோ அது பிழைப்பு. மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்குவது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. அது வண்டியால் பிறருக்கு ஏற்படும் இழப்பை ஈடு செய்யும். வண்டி களவு போனால் ஒரு காசும் தராது. பழைய வண்டிக்கு அந்தக் காப்பீடு மட்டும் போதும் என்று இருப்பவரின் வண்டி போனால், போனதுதான்.

அப்படியானால் பழைய வண்டியை எப்படிக் காப்பது? இதற்கு நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் உள்ள பௌதிகமும் கணக்குமே பெரிதும் உதவும். வாருங்கள், பார்ப்போம்.

இரு நாடுகள் கற்பித்த பாடம்

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தி. 1960-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் செய்தது. புதியது, பழையது என்ற வேறுபாடின்றி எல்லாக் கார்களிலும் ஸ்டியரிங் பூட்டு இருக்க வேண்டும் என்பதே அது. சாவியை எடுத்ததும் ஓர் இரும்புத் துண்டு ஸ்டியரிங் தண்டில் உள்ள பள்ளத்தில் விழுந்து, சக்கரத்தைத் திருப்ப முடியாமல் செய்துவிடும். கார்த் திருட்டு வெகுவாகக் குறைந்தது.

பிரிட்டனும் 1971-ல் இதே பூட்டைக் கொண்டுவந்தது. ஆனால் புதிய கார்களுக்கு மட்டும்! என்ன நடந்தது தெரியுமா? 1969-ல் லண்டனில் திருடப்பட்ட வண்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று புதிய வண்டி. 1973-ல் அது இருபதில் ஒன்றாகச் சுருங்கியது. புதிய வண்டிகள் தப்பின. திருடர்கள் பூட்டு இல்லாத பழைய வண்டிகளின் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

இதே நிலை இன்றும் தொடர்கிறது. இப்போதைய வண்டிகள் பலவற்றின் சாவியில் அரிசி மணி அளவுக்கு ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. அதற்குப் பாட்டரி தேவையில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள், ஃபாரடே 1831-ல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் முறையில் அதற்கு மின்சாரம் ஊட்டும். உடனே சில்லு தன் ரகசிய எண்ணைச் சொல்லும். எண் சரியாக இருந்தால்தான் வண்டியின் கணிப்பொறி எஞ்சினுக்கு எரிபொருள் விடும். ஐரோப்பிய நாடுகளில் 1998 முதல் புதிய கார்களுக்கு இத்தகைய காவல் கட்டாயம். பழைய வண்டியில் கணிப்பொறியே கிடையாதே! ஆகவே புதிய வண்டிகளின் காவல் கூடக்கூட, திருடனின் பார்வை பழைய வண்டியின் மேல் விழுகிறது.

1024 எப்படி 32 ஆயிற்று?

பழைய வண்டியின் சாவித் துவாரத்துக்குள் சிறு பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும். சாவியின் ஒவ்வொரு பள்ளமும் ஒரு தகட்டைக் குறிப்பிட்ட உயரத்துக்கு நகர்த்தும். எல்லாத் தகடுகளும் சரியான உயரத்தில் நின்றால்தான் உருளை திரும்பும்.

ஒரு கணக்குப் போடுங்கள். ஐந்து தகடுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு உயரங்கள் என்று கொள்வோம். எத்தனை விதமான சாவிகள் செய்யலாம்? 4 × 4 × 4 × 4 × 4 = 1024. பரவாயில்லையே!

ஆனால் ஆண்டுக்கணக்காகத் திருகித் திருகிச் சாவியும் தேய்கிறது, தகடும் தேய்கிறது. அடுத்தடுத்த இரு உயரங்களுக்கு இடையே வேறுபாடு தெரியாமல் போகிறது. நான்கு உயரங்கள் இரண்டுக்குச் சமமாகிவிட்டால், 2 × 2 × 2 × 2 × 2 = 32 தான்! வேறொரு வண்டியின் சாவியைப் போட்டாலும் பழைய வண்டி திறந்துகொள்வதன் ரகசியம் இதுவே. சாவி போட்டபடியே ஆடுகிறதா? சாவியை எடுத்த பிறகும் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவில்லையா? அந்தப் பூட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

மின்சாரத்துக்கு ஒரு மறைவுக் கதவு

எஞ்சினை முதலில் சுழற்றிவிடுவது ஸ்டார்ட்டர் மோட்டார். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து அது 150 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்ளுங்கள். 12 × 150 = 1800 வாட். இத்தனை மின்சாரம் சாவி வழியாகப் பாய்ந்தால் சாவி சுவிட்சு கருகிவிடும். அதனால் விரல் பருமனுள்ள தனிக் கம்பி வழியே பாட்டரி மோட்டாருக்கு மின்சாரம் தருகிறது. அந்தப் பாதையைத் திறக்கவும் மூடவும் ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்சைப் பயன்படுத்துவார்கள். ரிலேயின் சுருள் 80 ஓம் தடை உள்ளதானால், ஓம் விதிப்படி அதற்குத் தேவை 12 ÷ 80 = 0.15 ஆம்பியர். ஒரு மெல்லிய கம்பி போதும்.

இந்த மெல்லிய கம்பியில் ஒரு சிறு சுவிட்சை மறைவாக வைத்தால்? அது அணைந்திருக்கும்வரை சாவியைத் திருகினாலும் மோட்டார் சுழலாது. அது இருக்கும் இடம் வண்டிக்காரருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் எளிதில் செய்து தரக்கூடிய வேலை இது; செலவும் குறைவு.

பாட்டரியையே துண்டிக்கும் பெரிய கட்-ஆஃப் சுவிட்சும் உண்டு. அதை எஞ்சின் நின்ற பிறகே அணைக்க வேண்டும். ஓடும்போது துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் பழுதாகக்கூடும்.

டீசலின் குறும்பு

'மின்சாரத்தைத் துண்டித்தாயிற்று, இனிக் கவலையில்லை' என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள்! மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை உணர்ந்திருப்பீர்கள். காற்றை அமுக்கினால் வெப்பம் ஏறும். ருடால்ஃப் டீசல் 1897-ல் இயக்கிக் காட்டிய எஞ்சினின் அடிப்படை இதுதான். டீசல் எஞ்சினில் காற்று சுமார் இருபதில் ஒரு பங்காக அமுக்கப்பட்டு, 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடேறுகிறது. அதில் டீசலைப் பீய்ச்சியதும் தானே பற்றிக்கொள்கிறது. தீப்பொறி தேவையில்லை!

ஆகவே பழைய டீசல் வண்டி சிலவற்றை, பாட்டரியே இல்லாவிட்டாலும், சரிவில் உருட்டிக் கிளப்பிவிட முடியும். மணிமுத்தாறு போன்ற மலையடிவார ஊரில் சரிவுக்கா பஞ்சம்? இத்தகைய வண்டிக்கு மின்சாரத்தோடு எரிபொருளையும் அடைக்க வேண்டும். சில வண்டிகளில் மின்சாரம் கிடைத்தால் மட்டும் டீசலுக்கு வழிவிடும் வால்வு ஏற்கெனவே இருக்கும். அதன் கம்பியிலும் மறைவுச் சுவிட்சு வைக்கலாம். அந்த வால்வு இல்லாத வண்டியில், டீசல் குழாயில் கைத்திருகு வால்வு ஒன்றை மெக்கானிக் பொருத்தித் தருவார்.

ஓர் எச்சரிக்கை: ஓடும் வண்டியைத் திடீரென நிறுத்தும் எந்த ஏற்பாடும் வேண்டாம். எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசையும் குறைந்துபோகும். மலைப்பாதையில் அது உயிருக்கே ஆபத்து. காவல் எல்லாம் நின்றிருக்கும் வண்டிக்கே.

நெம்புகோலுக்கு இடம் கொடாதீர்கள்

இனிச் சங்கிலிக்கும் பூட்டுக்கும் வருவோம். திண்டுக்கல் பூட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்; 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பொருள் அது. ஆனால் எவ்வளவு நல்ல பூட்டானாலும் அதைத் தொங்கவிடும் முறை தவறானால் பயனில்லை.

60 செ.மீ. நீளமுள்ள கடப்பாரைத் துண்டு ஒன்று பூட்டின் வளையத்துக்குள் நுழைவதாக வைத்துக்கொள்வோம். ஆதாரப்புள்ளிக்கு இந்தப் பக்கம் 57 செ.மீ.; அந்தப் பக்கம் 3 செ.மீ. 57 ÷ 3 = 19. ஒருவர் 20 கிலோ எடைக்குச் சமமான விசையோடு அழுத்தினால், வளையத்தின் மேல் 380 கிலோ எடைக்குச் சமமான விசை விழும்! கடப்பாரை நுழைய இடமே இல்லாவிட்டால்? நெம்புகோல் பிறக்கவே வழியில்லை. எனவே சங்கிலி தொளதொளவென்று தரையில் கிடக்கக் கூடாது. இறுக்கமாக இருக்க வேண்டும். பூட்டின் வளையம் குட்டையாகவும் கடினப்படுத்திய எஃகாலும் ஆனதாக இருப்பது நல்லது. ஸ்டியரிங்கையும் கிளட்ச் மிதியையும் சேர்த்துப் பூட்டும் இரும்புக் கம்பியும் கடைகளில் கிடைக்கிறது. கண்ணாடி வழியே அது கண்ணில் படுவதே ஒரு காவல்.

அழித்தாலும் அழியாத எண்

இத்தனையும் மீறி வண்டி போய்விட்டால், அதை அடையாளம் காட்டுவது சேசிஸ் எண். இன்றைய முறைப்படி அதில் 17 எழுத்துகளும் இலக்கங்களும் இருக்கும். ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும் அதில் வரவே வராது. ஏன்? அவற்றை ஒன்று, பூச்சியம் என்று தவறாகப் படித்துவிடக் கூடாதல்லவா!

திருடர்கள் இந்த எண்ணை அரத்தால் ராவிவிடுவதுண்டு. ஆனால் எண்ணை அச்சாகக் குத்தும்போது, பள்ளத்துக்குக் கீழே உள்ள இரும்பின் படிக அமைப்பும் நசுங்குகிறது. மேற்பரப்பை வழவழப்பாக்கினாலும், அந்த நசுங்கிய பகுதி உள்ளே எஞ்சியிருக்கும். தடயவியல் ஆய்வாளர்கள் அங்கே அமிலக் கரைசலைத் தடவுகிறார்கள். நசுங்கிய இரும்பும் நசுங்காத இரும்பும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கப்படுவதால், மறைந்த எண் மெல்லத் தலைகாட்டுகிறது! மிக ஆழமாக ராவியிருந்தால் மட்டுமே இந்த வித்தை பலிக்காது.

நீங்களே செய்து பாருங்கள்: பழப்பெட்டியின் மெல்லிய மரப்பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய ஆணியால் மரநார் அறுபடாதபடி அழுத்தி உங்கள் பெயரின் முதல் எழுத்தை எழுதுங்கள். பள்ளம் மறையும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். இப்போது அந்த இடத்தில் வெந்நீரை ஊற்றிச் சற்று நேரம் விடுங்கள். நசுங்கிய நார்கள் நீரை உறிஞ்சி உப்பும். மறைந்த எழுத்து மேடாக எழும். இரும்பு இப்படி உப்புவதில்லை. ஆனால் பட்ட அடியை மறக்காமல் வைத்திருப்பதில் இரண்டும் ஒன்றே.

நிமிடங்களின் கணக்கு

உடைக்க முடியாத பூட்டு என்று உலகில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு பூட்டும் திருடனின் நேரத்தில் சில நிமிடங்களைப் பறிக்கிறது, அவ்வளவே. ஆனால் அந்த நிமிடங்கள்தாம் அவனுக்குப் பகை. நாய் குரைக்கும், எதிர் வீட்டில் விளக்கெரியும். ஸ்டியரிங்குக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று, எரிபொருளுக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று எனக் காவல்கள் வேறு வேறு வகையாக இருந்தால், ஒரே கருவியும் ஒரே தந்திரமும் போதா. நிமிடங்கள் ஒன்றோடொன்று கூடிக்கொண்டே போகும். மேலும் கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால், செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் சிறு கருவியை மறைத்து வைக்கலாம். ஆனால் அது தன் இருப்பிடத்தைச் சொல்ல செல்போன் அலை வேண்டும். அலை எட்டாத மலை மடிப்பில் அது ஊமையாகிவிடும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பழைய சரக்கு வண்டி இருக்கிறதா? இன்று மாலையே ஒரு வேலை செய்யுங்கள். பெரியவர்களின் அனுமதியோடு சேசிஸ் எண், எஞ்சின் எண், கீறல், நசுங்கல் போன்ற தனி அடையாளங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். நாலு பக்கமும் புகைப்படம் எடுத்து, அதையும் தாளையும் வீட்டில் பத்திரப்படுத்துங்கள். வண்டி காணாமற்போனால் உடனே 112 என்ற எண்ணுக்குச் சொல்லி, காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்போது பதற்றத்தில் எண் நினைவுக்கு வராது. நீங்கள் எழுதி வைத்த தாள்தான் பேசும்.