விடிவெள்ளியா? வேவு விமானமா?

விம்கோ நகர்க் கடற்கரையில் பொழுது புலருமுன் சென்று நின்றால், கீழ்த்திசையில் விளக்குகளுக்குக் குறைவில்லை. துறைமுகத்தில் இடத்துக்குக் காத்திருக்கும் கப்பல்கள், மீன் பிடிக்கும் படகுகள். சில மாதங்களில் அவற்றுக்கு மேலே விடிவெள்ளி. "அது என்ன, ஸார்?" என்று மாணாக்கர்கள் கேட்டால், அற்பக் கேள்வியென்று நாம் தள்ளிவிடுவதில்லை. நமது இராணுவத்தையே திகைக்க வைத்த கேள்வியல்லவா அது?

லடாக்கில் பாங்காங் ஏரிப் பக்கம் எல்லை காத்த நம் வீரர்கள், 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரையில் 329 தடவை மர்ம ஒளிகளைக் கண்டதாகக் குறித்து வைத்தார்கள். சீனாவின் ஆளில்லா வேவு விமானங்களோ என்று சந்தேகம் பிறந்தது. பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிலையத்தாரை அழைத்தார்கள். அவர்கள் அவ்வொளிகளின் போக்கை நட்சத்திரங்களின் போக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பகைவர் வேடத்தில் வந்தவர்கள் யார் தெரியுமா? நம் பஞ்சாங்கத்திலுள்ள குருவும் சுக்கிரனுந்தான்!

இதைக் கேட்டுச் சிரிப்பது எளிது. ஆனால் சென்னைவாசிகள் சிரிப்பதற்கில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் கப்பல் வந்ததை ஒருவரும் அறியவில்லை. குண்டு விழுந்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த பிறகே நகரம் விழித்தது. 1942 ஏப்ரலிலோ, ஜப்பானியர் வருகிறார்களென்ற எச்சரிக்கையால் சர்க்கார் காரியாலயங்களே உள்நாட்டுக்குப் பெயர்ந்தன. ஜனங்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். எதிரி கரையிறங்கவே இல்லை. வந்ததைக் காணாத பிழை ஒன்று. வராததைக் கண்ட பிழை மற்றொன்று. இரண்டுக்கும் இக்கடற்கரையே சாட்சி.

2023 நவம்பர் 19-ல் இம்பால் விமான நிலையத்தருகே இனந்தெரியாத பொருளொன்று தென்பட்டு, சில மணி நேரம் விமானப் போக்குவரத்து நின்றது. தேடிச் சென்ற ரபேல் விமானங்களுக்கு எதுவும் அகப்படவில்லை. தேடியது சரியே. ஆனால் விசாரணையின் முடிவு ஜனங்களுக்கும் எட்ட வேண்டும். அமெரிக்க விமானப் படை 1969-ல் தன் நீண்ட விசாரணையை முடித்தபோது, 12,618 செய்திகளில் 701-க்கு விளக்கம் கிட்டவில்லையென்று ஒப்புக்கொண்டது. அவற்றால் தேசத்துக்கு ஆபத்தில்லையென்றும் கூறியது. "தெரியவில்லை" என்று சொல்வதில் ஒரு சர்க்காருக்கு மானக்குறைவு ஏது? மௌனத்தில்தான் வதந்தி முளைக்கிறது.

ஆகவே மாணாக்கர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: "நேரத்தையும் திசையையும் எழுதி வை. நாளையும் அதே நேரத்தில் வந்து பார். அதன் பிறகு பயப்படலாமா என்று யோசிப்போம்."